கதவுக்கு வாங்கிய பதினொரு கையெழுத்து

ராக்வெரே,
மார்ச் 19.

பார்னுவில் கடல்காற்று வாங்கிக்கொண்டு சுகமாயிருக்கும் அன்புள்ள லெய்டா அக்காவுக்கு, தம்பி எண்டெல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உன் மூட்டுவலி இந்நேரம் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மானம்தான் போய்விட்டது. பேனாவால் எழுதியிருக்கிறேனே என்று பயந்துவிடாதே; கணினியை இனித் தொடுவதில்லை என்று நேற்று முடிவெடுத்துவிட்டேன்.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடு, நான் சங்கத் தலைவன். குளிர்காலம் முழுக்க வாசல் கதவு மூடாமல் பனி படிக்கட்டு வரை வந்துகொண்டிருந்ததால், இணையத்தில் தேடி, டார்ட்டுவில் ஒரு கதவுக் கடையைப் பிடித்து, ஒப்பந்தமும் வரவழைத்தேன். எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். கணினியில் அடையாள அட்டையைச் செருகி, ரகசிய எண்ணைத் தட்டினால் பச்சையில் 'கையொப்பம் செல்லும்' என்று வரும். அது வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. நானும் கோப்பை இணைத்து, எண்ணைத் தட்டி, முதல் ஆளாகக் கையெழுத்திட்டு எல்லா வீட்டுக்கும் கடைக்கும் அனுப்பினேன். இணைத்தது கதவு ஒப்பந்தமே இல்லை அக்கா! ஏழாம் வீட்டுப் பெண்மணி விர்வேயிடம் 'என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா' என்று கேட்டு, ஆறு மாதமாக நான் அடித்தும் திருத்தியும் வைத்திருந்த கடிதம்! யார் கண்ணிலும் படாது என்று அதைக் கதவு ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் பத்துப் பேர் கையெழுத்திட்டுவிட்டார்கள். 'தங்கள் கன்னக்குழியை எண்ணி' என்று தொடங்கும் கடிதத்தில் பத்துப் பேர்! ஒரு ஜீவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கே மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் மூன்றாம் வீட்டு ஆர்வோவுக்குப் போன் போட்டு, "எதுக்குய்யா கையெழுத்துப் போட்டே?"ன்னு கேட்டேன். "கதவுக்குத்தானே?"ங்கிறான். "படிச்சியா?" "படிக்கிறதா? உங்களை நம்பித்தானே தலைவராக்கினோம். படிச்சுப் பார்த்தா உங்களைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடாதா?" அப்படீங்கிறான் அக்கா! இவனை வைத்து அழுவதா, சிரிப்பதா?

அது போகட்டும், கடைக்காரர்கள்? அவர்களும் பதில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார்கள்: 'தங்கள் கோரிக்கையை மகிழ்ச்சியுடன் ஏற்கிறோம். மூன்று வாரத்தில் ஆள் வந்து பொருத்தித் தருவார். பிடிக்காவிட்டால் பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம்.' பதறிப்போய்க் கூப்பிட்டால் கடையில் போனை எடுத்த பெண், "பன்னிரண்டு கையெழுத்தும் செல்லும்னு காட்டுது சார், உங்களுக்கு என்ன கவலை?"ன்னு கேட்குது. என்ன கவலையா! ஒரு எழுத்தை மாற்றினாலும் அத்தனை கையெழுத்தும் செத்துப்போகும். இனி அதை எந்தக் கொம்பனாலும் திருத்த முடியாது.

ஆனால் என் நெஞ்சை அடைப்பது பதினோராவது கையெழுத்து. அது விர்வேயுடையது. மறுநாள் மத்தியானம் வந்தது, பச்சையில், செல்லும் என்று. கூட்டத்துக்குக் கூட்டம் என்னைக் கேள்வி கேட்டே வாட்டுகிற விர்வேயும் படிக்காமல்தான் போட்டிருக்கிறார். படித்துவிட்டுச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் அக்கா. ஆறு மாதம் எழுதியதை அவர் ஒரு கதவென்று நினைத்துக் கையெழுத்திட்டதைத்தான் தாங்க முடியவில்லை. தலைவர் பதவியை உதறிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, சனிக்கிழமை பேருந்தில் உன்னிடமே வந்துவிடுகிறேன். அந்தச் சின்ன அறையை ஒழித்து வை.

நீயும் அத்தானும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அத்தானிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே.

உன் அன்புத் தம்பி,
எண்டெல் ரோஹ்ட்மெட்ஸ்

பின்குறிப்பு: அறையை ஒழிக்காதே! உறையை ஒட்டப் போகும்போது மணி அடித்தது. விர்வே. கையில் என் கடிதம், அச்செடுத்து, ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"நான் எதையும் படிக்காம கையெழுத்துப் போடுறதில்ல. நாலு தடவ படிச்சேன். சம்மதம்னுதான் போட்டேன்" என்றார். பிறகு ஒரு பென்சில் கோட்டைத் தட்டிக் காட்டினார்.

"ஆனா மூணாவது பத்தி சரியில்ல. என் வீட்டை வாடகைக்கு விட்டுட்டு நான் உங்க வீட்டுக்கு வரணுமாமே? வெயில் விழுறது என் பால்கனியிலதான். நீங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டு அங்க வாங்க. திருத்தி அனுப்புங்க."

"திருத்தினா எல்லாரும் மறுபடி கையெழுத்துப் போடணுமே!"

"போடட்டும். இந்தத் தடவ வீடு வீடா நானே போய், படிக்க வச்சுப் போட வைக்கிறேன்."

திருத்தியாயிற்று அக்கா. இதை எழுதும்போது படிக்கட்டில் ஆர்வோ வாய்விட்டுப் படிப்பது கேட்கிறது. முதல் வரியிலேயே நின்றுவிட்டான். "ம், மேல படிங்க, சத்தமா" என்று விர்வே அதட்டுகிறார்.