நாலே கட்டளை

"துருவத்தைக் காணோமே!"

பெரிய திரையில் சூரியனின் ஓரம் மட்டும் ஆரஞ்சுத் தோல் மாதிரி தெரிந்தது. அதன் தென்துருவத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்த விண்கலத்தின் கேமரா வேறெங்கோ பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

அலறியவர் கேமராப் பொறியாளர். ஆபீசில் அவருக்கு 'அவசரம்' என்றுதான் பெயர். இன்றைக்கு விட்டால் கலம் மறுபடி அந்தப் பக்கம் வர ஆறு மாதம் ஆகும். போன தடவை கோட்டை விட்டதற்கே இயக்குநர், "இன்னொரு தரம் சொதப்பினா உங்கள கிடங்குக்கு மாத்திடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

வலப்பக்கம் இரண்டு டிகிரி திருப்பு என்று கட்டளைத் தாளில் எழுதி, ஓடிப் போய் ஆன்டெனா அறை சன்னலுக்குள் நீட்டிவிட்டு வந்தார்.

"சிக்னல் போய் வர பதினாறு நிமிஷம் ஆகும் சார். உக்காருங்க. கலமும் தானாத் துருவத்தைத் தேடிப் பார்க்கும்" என்றாள் பக்கத்து மேசை உதவிப் பொறியாளர்.

உட்கார்ந்தார். எழுந்தார். தண்ணீர் குடித்தார். ஆறு நிமிடம்கூட ஆகவில்லை.

"ரெண்டு டிகிரி பத்தாதோ?"

இன்னொரு தாள். இன்னும் ஐந்து டிகிரி.

"சார், முதல்ல போனதுக்கே பதில் வரலையே!"

"அது வர்றதுக்குள்ள துருவம் போயிடும்மா!"

கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. இருந்த சூரியனும் போயிற்று.

"ஐயையோ, அதிகமாத் திருப்பிட்டேன்!" இடப்பக்கம் பத்து என்று மூன்றாவது தாளோடு ஓடினார்.

சூரியன் வந்தது, ஆனால் திரையின் எதிர் ஓரத்தில். தலையில் அடித்துக்கொண்டு நான்காவது தாளையும் கொடுத்துவிட்டு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

பத்து நிமிடம் கழித்து இயக்குநர் உள்ளே நுழைந்தார். அதே நேரம் துருவம் முழுசாக, திரையின் நட்டநடுவில் வந்து நின்றது. யாரும் இதுவரை பார்த்திராத காட்சி. அறையே கைதட்டியது.

"உங்களையா கிடங்குக்கு அனுப்பப் பார்த்தேன்! எப்படிங்க திருப்புனீங்க?" என்று இயக்குநர் அவரைக் கட்டிக்கொண்டார்.

'அவசரம்' கண் கலங்கிவிட்டார்.

"நாலே கட்டளை சார்" என்றார் அடக்கமாக.

ஆன்டெனா அறை ஆபரேட்டர் தாள்களோடு சன்னலில் தலையை நீட்டினார்.

"சார், இந்த நாலு தாள்லயும் இயக்குநர் கையெழுத்து இல்லாததால ஒண்ணையும் இன்னும் அனுப்பல. அவரே வந்துட்டாரே, வாங்கிட்டு இப்ப அனுப்பிடட்டுமா?"