கிணற்று வழக்கில் வளர்ந்த காதல்

காதலுக்காகக் கோட்டை கட்டியவர்கள் உண்டு, குளம் வெட்டியவர்கள் உண்டு. காதலுக்காக ஒரு கிணற்றுத் தகராறை ஆறு வருஷம் அசையாமல் நிறுத்திவைத்தவர்கள் எங்கள் கோயமுத்தூரில்தான் உண்டு. அந்த மகத்தான சரித்திரத்துக்குச் சாட்சி, வக்கீல் கிருபாசங்கரின் குமாஸ்தாவாகிய நான். வாய்தா மனு அத்தனையும் டைப் அடித்த விரல்கள் இவை. கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெரியநாயக்கன்பாளையம் பக்கம் காளிச்சாமிக் கவுண்டரும் மயில்சாமிக் கவுண்டரும் பங்காளிகள். இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. யார் முதலில் மோட்டார் போடுவது என்று 1991-இல் சண்டை. காளிச்சாமிக்கு எங்கள் சார் ஆஜர். மயில்சாமிக்கு, தெய்வாத்தாள் பி.ஏ., பி.எல். "வழக்கு முடியும்வரை இருவருமே மோட்டாரைத் தொடக் கூடாது" என்று நீதிபதி தடை போட்டார். அன்றைக்கே எங்கள் சாருக்கும் தெய்வா மேடத்துக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது.

மேடத்தின் அப்பா உக்கடத்தில் இரும்புக்கடைக்காரர். வழக்கு இருக்கிற நாளில் மட்டும்தான் மகளை வெளியே விடுவார். மேடத்திடம் இருந்ததோ இந்த ஒரே வழக்கு. எங்கள் சாருக்கோ, அவருடைய அம்மா பெருந்துறையில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார். வழக்கு முடிந்தால் காதலும் முடிந்தது. நீங்களே சொல்லுங்கள், மனசாட்சியுள்ள எந்த வக்கீல் இந்த வழக்கை முடிப்பார்?

ஒரு தடவை கேஸ் கட்டைக் காணவில்லை. ஒரு தடவை சாட்சிக்கு அம்மை. சாரின் பெரியம்மா மூன்று முறை காலமானார். மூன்று முறையும் மேடம் எழுந்து, "ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிக் கண் கலங்கினார். வாய்தா கிடைத்ததும் இருவரும் "சட்ட நுணுக்கங்களை அலச" கேண்டீனுக்குப் போவார்கள். பெருந்துறைக்காரர்கள் நிச்சயதார்த்தத்துக்குத் தேதி கேட்டபோதும், சார் பழக்கதோஷத்தில் நான்கு வார அவகாசம் கேட்டு என்னை டைப் அடிக்கச் சொன்னார். ஐந்தாவது அவகாசத்தில் அந்தப் பெண் ஒரு பனியன் கம்பெனிக்காரரைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. மகராசி, தப்பித்தது.

இதற்குள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து பங்காளிகள் இருவரும் சிநேகமாகிவிட்டார்கள். ஒருநாள் சேர்ந்தே கேண்டீனுக்கு வந்தார்கள்.

"ஏனுங்க, நாங்க ராஜியாப் போயிர்றமுங்க. காத்தால அவரு, மத்தியானம் நானு. தென்னையெல்லாம் காயுதுங்க," என்றார் காளிச்சாமி.

சார் அதிர்ந்துபோனார். "உங்க வழக்குல தலையிட நீங்க யாருங்க?"

"எதிர்த்தரப்போட ஒண்ணா உக்காந்து டீ குடிச்சீங்களாமே! கேசு என்னத்துக்குங்க ஆகும்?" என்று மேடம் மயில்சாமியைக் கண்டித்தார், சாரின் டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்தபடி.

பங்காளிகள் நீதிபதியிடமே முறையிட்டுப் பார்த்தார்கள். சார் எழுந்தார். "என் கட்சிக்காரர் வெயிலில் வந்ததால் தெளிவாக இல்லை." மேடமும் எழுந்தார். "எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்தை முழு மனதோடு ஏற்கிறேன்." எட்டு வாரம் வாய்தா.

காளிச்சாமி என்னைச் சைக்கிள் ஸ்டாண்டில் மடக்கினார். "நெசத்தச் சொல்லுங்க குமாஸ்தாவய்யா, எங்க கேசுல அப்படி என்னதானுங்க இருக்குது?"

"காதலுங்க," என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அட கெரகமே! அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே கட்டி வெச்சிருப்பமல்லங்க!"

மறுநாளே பங்காளிகள் இருவரும் தாம்பூலத் தட்டோடு உக்கடம் போனார்கள். நானும் போனேன்.

"அந்த வக்கீலுக்கா? ஒரு வேலையை முடிக்கத் துப்பிருக்குதா?" என்று இரும்புக்கடைக்காரர் சீறினார்.

"ஒண்ணப் புடிச்சா உடவே மாட்டாருங்க. ஆறு வருசமா நாங்க பாக்கறமுங்க," என்றார் மயில்சாமி.

மனிதர் கரைந்தார். மகளுக்குக் கல்யாணச் சீராக நிலம் கொடுக்க வேண்டும் என்றார். தங்கள் கிணற்றை ஒட்டியே இரண்டு ஏக்கர் விலைக்கு வருவதாகப் பங்காளிகளே சொல்லி, கூடவே நின்று முடித்துக் கொடுத்தார்கள். வைகாசியில் கல்யாணம். அடுத்த வாரமே ராஜி மனு. சாரும் மேடமும் ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது, போங்கள்.

உத்தரவு நகல் கைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் தம்பதி சீர் நிலத்தில் வீடு கட்டி, ரோஜாத் தோட்டம் போட்டு, எழுநூறு அடிக்கு ஒரு போரும் இறக்கிவிட்டார்கள்.

நகல் வந்த அன்று பங்காளிகள் மோட்டாருக்குப் பூசை போட்டு, தேங்காய் உடைத்து, ஸ்விட்சைத் தட்டினார்கள். குழாயில் காற்றுத்தான் வந்தது. எட்டிப் பார்த்தால் கிணற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

சாரைக் கூப்பிட்டார்கள். மேடம் எல்லோருக்கும் தன் போரிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஜில்லென்று இருந்தது. சார் கிணற்றுக்குள் நெடுநேரம் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"ஏனுங்க, பங்காளிக்குள்ள இத்தனை வீம்பு ஆகுமுங்களா? தண்ணி இருந்தப்பவே நீங்க ராஜியாப் போயிருக்கலாமல்லங்க?"

கவுண்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தப்புத்தானுங்க," என்றார்கள்.