இரண்டாவதாக வந்த ஆம்ப்ளிஃபயர்

பாட்டுக்கு உயிர் கொடுத்தே தீருவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தார். கொஞ்ச காலமாகவே அவர் வீட்டு ஸ்பீக்கர்கள் இரண்டும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாடின. புல்லாங்குழலுக்குச் சளி. வயலினுக்குச் சோகை. குற்றவாளி ஆம்ப்ளிஃபயர்தான் என்று அவரே விசாரித்து, அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். பாவம், அதற்கு வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லை.

மறுநாள் சாயங்காலம் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தால் அதுதான் அவரைச் சுமந்து வந்ததோ என்று தோன்றும். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவி, யாருடைய ரவிக்கையோ பாதியில் நிற்க, நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கிறது போதாதா?"

போதாது என்று அவர் விளக்கினார். ஸ்பீக்கரின் முதுகில் இரண்டு ஜோடித் திருகுகள் உண்டு. மேல் ஜோடி கீச்சென்ற மெல்லிய ஒலிக்கு, கீழ் ஜோடி கும்மென்ற கனத்த ஒலிக்கு. இரண்டையும் ஒரு பித்தளைத் தகடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. தகட்டைக் கழற்றிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆம்ப்ளிஃபயர் வைக்கலாம். வீட்டில் ஏற்கெனவே இருப்பது கும்மென்பதைப் பார்த்துக்கொள்ளும், புதிதாக வந்தது கீச்சென்பதைப் பார்த்துக்கொள்ளும்.

"ஒரே வீட்டுக்குள்ள தனிக்குடித்தனம்னு சொல்லுங்க" என்று அவள் மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

தனிக்குடித்தனம் அமோகமாக நடந்தது. கீச்சுக்கென்று வந்த ஆம்ப்ளிஃபயரின் குமிழை அவர் தினமும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகிக்கொண்டே போனார். புல்லாங்குழலின் சளி அவருக்கு லேசாகத்தான் குறைந்தது. மற்றவர்களுக்கோ காதில் ஊசி இறங்கியது. அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தைத்தாள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், வேலை முடிந்து வந்தாலும் தன் மெஷின் சத்தம் தன்னை விடவில்லையே என்று வாசலில் நின்று புலம்பிவிட்டுப் போனார். ரசனை கெட்ட தெரு என்று நம்மவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவளுக்கு விஷயம் எப்போதோ புரிந்துவிட்டது. கோளாறு ஆம்ப்ளிஃபயரில் இல்லை. அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. எதிரில் நின்று பேசினால், "ஏன் முணுமுணுக்கறே?" என்கிறார். காது டாக்டரிடம் போகலாம் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். தன் காது பாம்புக் காது என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார்.

கடைசியில் ஒரு நாள் அவளே பந்தயம் கட்டினாள். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார வேண்டும். கீச்சு ஆம்ப்ளிஃபயரை அவள் போடுவாள், அணைப்பாள். எப்போது ஓடுகிறது, எப்போது ஓடவில்லை என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால் டாக்டர் பேச்சே கிடையாது. தப்பினால் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட வேண்டும்.

அவருக்கு உள்ளுக்குள் உதறல்தான். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, உட்கார்ந்து பாருங்கள் என்றாள். உட்கார்ந்தார். எதிரே அலமாரியின் கண்ணாடிக் கதவு. அதில், முதுகுக்குப் பின்னால் இருந்த கீச்சு ஆம்ப்ளிஃபயரின் சின்ன மஞ்சள் விளக்கு பளிச்சென்று தெரிந்தது. உதறல் பறந்துபோயிற்று. பந்தயத்துக்குத் தயார் என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. விளக்கு எரிந்தது. "ஓடுது" என்றார். அணைந்தது. "இப்ப இல்ல." மறுபடி எரிந்தது. சும்மா சொன்னால் போதாது என்று கண்ணை வேறு பாதி மூடிச் சொக்கினார். "அடடா, வயலின் என்னமா இழையுது பாரு. இதைப்போய் வேணாம்னியே."

மனைவி மெல்ல நடந்து அவர் முன்னால் வந்து நின்றாள். ஸ்பீக்கரின் மேல் ஜோடித் திருகில் மாட்டியிருக்க வேண்டிய ஒயர்கள் அவள் கையில் தொங்கின.

"பாட்டு ஆரம்பிக்கும்போதே இது என் கையிலதாங்க இருக்கு."

அவர் ஒயரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மழுப்பலாக ஒரு சிரிப்பைத் தேடினார், கிடைக்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் கையை வைத்தாள். "கடைக்கு வர்றவங்க கண்ணாடி போட வெக்கப்பட்டா நீங்க எவ்வளவு தன்மையா எடுத்துச் சொல்றீங்க. அதை யாராவது உங்களுக்குச் சொல்லக் கூடாதா? பாட்டு எப்படியோ போகட்டும். நான் கூப்பிட்டா நீங்க திரும்பணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, போகலாம் என்று தலையாட்டினார். இத்தனை நாள் அவளைத் தனியாகப் பேசவிட்டோமே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

டாக்டர் பார்த்து, இரண்டு காதுக்கும் மொச்சைக்கொட்டை அளவில் கருவி கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அவரே ஒயரை மாட்டிப் பாட்டைப் போட்டார். போட்ட வேகத்தில் துள்ளி எழுந்து குமிழைப் பின்னுக்குத் திருகினார். திருகிக்கொண்டே போய் ஒரேயடியாக அணைத்தும் விட்டார். பல் டாக்டர் எவ்வளவு நல்ல மனிதர் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீடு அமைதியானது. அந்த அமைதியில், அடுத்த அறையில் அவள் போனில் அக்காவிடம் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. இந்தக் குரலையா முணுமுணுப்பு என்றோம் என்று அவர் நெகிழ்ந்துபோய்க் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஜெயிச்சுடுவோம்னு தெரிஞ்சாதானேக்கா அவர் பந்தயத்துக்கே வருவார்? அதான் அலமாரிக் கண்ணாடியை நல்லாத் தொடச்சு, விளக்கு தெரியற மாதிரி நாற்காலியைப் போட்டேன்."