பதினொன்றாவது சீடர்

கறை பூசணிக்காய் அளவுக்குப் பரவிய பிறகுதான், ஈரத்துணியால் ஒற்றியது தப்பு என்று இசோபேவுக்கு உறைத்தது.

மழைக்காலம் முடிந்ததும் கோயிலின் பழைய படச் சுருள்களைத் தொங்கவிட்டுக் காற்றாட விடுவது அவர் வேலை. இது முந்நூறு வருஷத்துப் பட்டுச் சுருள், புத்தரும் சீடர்களும். இந்தப் புழுக்கத்தில் அவர்களுக்கும் தாகமாக இருக்குமே என்று, மேசையில் ஒரு கோப்பை வாற்கோதுமைத் தேநீர் படைத்துக் கும்பிட்டார். தும்மல் வந்தது. கை கோப்பையைத் தட்டிவிட்டது. தேநீர் படத்தின் மேல்.

"படத்தை விசிறியால விசிறினதுக்கே, நமக்கு முன்னாடி இருந்த வேலையாளை விரட்டினவரு பெரிய சாமி," என்றாள் மனைவி சயோ. "நாம இனி எங்கே போறது?"

"வெயில்ல காட்டினா போயிடும்."

போகவில்லை. ஓரம் கறுத்து, நடு வெளுத்துப் பளபளத்தது.

"மொட்டைத் தலை மாதிரியே இருக்குங்க!"

இசோபே தூரிகையை எடுத்தார். கண், காது, நீண்ட புருவம்.

"ஐயய்யோ, எங்க அம்மா!"

அவசரமாகத் தாடி வரைந்தார். "இப்போ?"

"தாடி வெச்ச எங்க அம்மா."

அதற்குள் கோயிலின் தலைமைத் துறவி, பெரிய சாமி ரியோகென் வந்துவிட்டார். கூடவே, பழைய சுருள்களுக்குப் பின்னால் புதுத் துணி ஒட்டிச் செப்பனிடும் கிழவர் மினெகிஷி. சாமி கண்ணை மூடி, சீடர் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பூ வைத்தார். பத்துப் பெயர், பத்துப் பூ.

வாயைத் திறக்காமல் இருந்தால் இசோபேவின் வேலை தப்பித்திருக்கும். ஆனால் புதிய சீடர் மட்டும் பூவில்லாமல் ஏக்கமாகப் பார்த்தார். தாம் வரைந்த முகம்தான் என்றாலும் மனசு கேட்கவில்லை. கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்து மெல்ல வைத்தார்.

சாமி கண் திறந்தார். "அது யாருக்கு?"

இசோபே பாயில் நெற்றி பதிய விழுந்தார். "தேநீர் கொட்டிருச்சு சாமி. மறைக்கத் தெரியாம… இவரை வரைஞ்சுட்டேன்."

"முந்நூறு வருஷப் படத்துல கை வைக்க எப்படிய்யா மனசு வந்துச்சு? மூட்டையைக் கட்டு!"

சயோ விசும்பத் தொடங்கினாள். மினெகிஷி மூக்குக் கண்ணாடியோடு படத்தருகே குனிந்து, விரலால் எண்ணிக்கொண்டே வந்தவர், நிமிர்ந்து சாமியைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தார்.

"விடுங்க சாமி. நீங்க இங்கே சின்னச் சாமியா வந்து சேர்ந்தீங்களே, அந்த வருஷம் நான்தான் இதுக்குத் துணி ஒட்டினேன். அப்போ ஒன்பது சீடருங்கதான் இருந்தாங்க."