நீர்வீழ்ச்சியைத் தூக்கிக் கொடுத்தவன்

யாழ்ப்பாணத்தானிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால் திருப்பி வாங்குவது லேசான வேலை அல்ல. மற்றவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் என் கையிலிருந்த ஒலிவாங்கியை இரண்டு பேர் சேர்ந்துதான் பறித்தார்கள். அதில் ஒருவர் பாதிரியார்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. யோகட் டப்பாக்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தற்காலிக வேலை. வேலை நிரந்தரமானால் ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் இருந்தால்தான் எனக்கு நிச்சயித்த வசந்தியைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்யலாம். அவள் தாயோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசும்போது, "கடிதம் வந்திட்டுதே?" என்றுதான் தொடங்குவாள். என் சுகத்தை விசாரிப்பது அதற்குப் பிறகுதான்.

கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் சூப்பர்வைசர் லூர்து. (பெயரைக் கேட்டு மன்னார்ப் பக்கம் என்று நினைக்க வேண்டாம். பிலிப்பைன்ஸ்காரி.) வடக்கு மலைகளுக்குள் இருக்கும் பலிங்கோ என்ற ஊர் அவருடையது. நகரசபை என்று பெயர்தான் பெரிது. பதினொரு சிற்றூர்கள், படிக்கட்டு மாதிரி வெட்டிய வயல்கள், முட்டைக்கோவாத் தோட்டங்கள், மிச்சமெல்லாம் மேகம். ரொறன்ரோவிலிருந்த பலிங்கோக்காரர்கள் வருடத்தில் ஒருநாள் கூடி ஊர்த் திருநாள் கொண்டாடுவார்கள். அதற்கு என்னை அழைத்தார்.

"வேலைத்தளத்து ஆட்கள் சார்பில் நீ இரண்டு வார்த்தை பேசு" என்றார். (உரையாடல் ஆங்கிலத்தில்தான் நடந்தது. என் அன்றைய ஆங்கிலத்தைத் தமிழில் தருவதே அதற்குச் செய்யும் மரியாதை.)

தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. இரண்டு வார்த்தை என்றால் அவர் இரண்டு வார்த்தையைத்தான் சொன்னார். எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் இரண்டு வார்த்தை என்பது முக்கால் மணித்தியாலம். அதற்குக் குறைத்துப் பேசினால் பேச்சாளருக்கு ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். ஊரைப் பற்றிப் பேசுவதென்றால் நான்கு எல்லையும் சொல்ல வேண்டும், பூர்வீகம் சொல்ல வேண்டும், வளம் சொல்ல வேண்டும். இப்படிப் பேசி லூர்துவின் மனதைக் குளிர்வித்தால் கடிதம் தானாக வரும் என்று கணக்குப் போட்டேன்.

நூலகத்துக்குப் போனேன். கலைக்களஞ்சியத்தில் பலிங்கோவுக்கு இரண்டு வரி. மலைப்பாங்கானது, முட்டைக்கோவா விளையும். இதை வைத்து முக்கால் மணித்தியாலம் பேச என்னாலும் முடியாது. அப்போதுதான் பென்னியின் ஞாபகம் வந்தது. பெட்டி அடுக்கும் பகுதியில் வேலை செய்பவன். பலிங்கோவுக்கு அடுத்த மலையிலிருக்கும் துமாலக் ஊர்க்காரன். ஒரு ஊரைப் பற்றிப் பக்கத்து ஊர்க்காரனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும் என்று எனக்கே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

பென்னி வஞ்சகம் இல்லாமல் எல்லாம் சொன்னான். கார்ட்போட் மட்டையில் வரைபடமும் கீறித் தந்தான். நடுவில் ஆறு. ஆற்றுக்கு மேலே பெரிய நீர்வீழ்ச்சி. அது துமாலக் பக்கம். பலிங்கோ முன்னொரு காலத்தில் துமாலக்கின் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு சண்டை போட்டுப் பிரிந்தது. பிரியும்போது துமாலக் தேவாலயத்து மணியையும் பலிங்கோக்காரர் கழற்றித் தோளில் சுமந்து மலை கடந்தார்கள்.

"மணியையா? மலைக்கு மேலாலா?" என்று வாயைப் பிளந்தேன். எங்கள் ஊரில் கோயில் கோபுரத்தைவிட உயரமாக ஒன்றும் கிடையாது. மலையேறுவதே எனக்கு வீரம். மணியோடு ஏறுவது காவியம்.

அன்றைக்கு என் அறைத் தோழர் சிவம் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் பொரித்த பன்றியும் நூடில்ஸும் மணத்தன. மேடையின் பின்சுவரை மூடி ஒரு நீர்வீழ்ச்சிப் படம். கனடாவுக்கு நன்றி தெரிவித்து நயாகராவை வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைவர், பாதிரியார், தாய்மார் எனப் பெயர் சொல்லி வணங்கி முடிக்கவே பத்து நிமிடம். சனம் சிரித்த முகத்தோடு இருந்தது. பிறகு பூர்வீகத்துக்கு வந்தேன். "துமாலக் என்ற தாய் பெற்ற செல்ல மகள் பலிங்கோ" என்றேன். சிரிப்பு நின்றது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்று எண்ணிக் குரலை உயர்த்தினேன். "துமாலக்கின் நீர்வீழ்ச்சியில் விழும் தண்ணீரல்லவா உங்கள் வயலை நனைக்கிறது" என்று கையைப் பின்னால் வீசினேன். கை அந்தப் படத்தில் பட்டது. முன்வரிசையில் ஒரு வயோதிபர் எழுந்து நின்றார். எழுந்து நின்று மரியாதை செய்கிறார் என்று அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு மணிக்கு வந்தேன்.

"அடுத்த ஊர் மணியையே கழற்றிக்கொண்டு வந்த வீரப் பரம்பரையே" என்று தொடங்கினேன். ஒலிவாங்கி போனது அப்போதுதான்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் சிவம் அண்ணை பஸ் காசை எண்ணிப் பார்த்தார். பிறகு, "உந்தக் கதையெல்லாம் ஆரிட்டக் கேட்டனீ?" என்றார்.

"பக்கத்து ஊர்க்காரனிட்ட."

"தம்பி, எங்கட குளத்தின்ர கதையை ஆரும் என்னட்டக் கேட்டா நான் என்ன சொல்லுவன்?"

சிவம் அண்ணையின் ஊர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். இரண்டு ஊரும் ஒரு குளத்துக்காகத் தகப்பன் காலத்திலிருந்து வழக்குப் போட்டுக் கோட்டு ஏறியவை. ஒரே அறையில் இருந்த இரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் அந்தக் குளத்தைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை; பேசியிருந்தால் வாடகையைத் தனித்தனியாகக் கட்ட வேண்டி வந்திருக்கும். இவ்வளவும் தெரிந்த நான்தான் மட்டையும் கையுமாகப் பென்னியிடம் போயிருக்கிறேன்.

"குளம் உங்கட எண்டு சொல்லுவியள்" என்றேன்.

"எங்கட தானே" என்றார் அண்ணை. பஸ் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வசந்தி கேட்டபோது, "வரும், வரும்" என்றேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தில் லொட்ஜ்க்காரர் வாடகைக்குக் கதவைத் தட்டுவது கேட்டது.

திங்கட்கிழமை லூர்து கூப்பிட்டார். மேசையில் வெள்ளைத் தாள் ஒன்றும் பென்சிலும் இருந்தன. வேலை போனதாக நானே எழுதிக் கொடுக்க வேண்டுமாக்கும் என்று பென்சிலை எடுத்தேன்.

"பலிங்கோவைக் கீறு" என்றார்.

நீர்வீழ்ச்சியைக் கவனமாகப் பலிங்கோ பக்கம் கீறினேன். மிச்சமெல்லாம் பிழை. அன்று தொடங்கி மூன்று கிழமை மதிய உணவு நேரம் முழுக்க எனக்கு வகுப்பு. பலிங்கோ ஒருபோதும் யாருக்கும் மகள் அல்ல. ஸ்பானியர் ஏற முடியாமல் மூச்சு வாங்கித் திரும்பிய மலை அது. மணி பலிங்கோ மக்கள் நெல் விற்று வாங்கியது. துமாலக் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்க மறந்தது. சொந்தப் பொருளைச் சுமந்து வருவதற்குப் பெயர் களவு அல்ல. பென்னி ஜன்னலுக்கு வெளியே நின்று தலையை இல்லை இல்லை என்று ஆட்டுவான். நான் அவனைப் பார்க்காமல் பழகிக்கொண்டேன்.

கடைசி நாள் பரீட்சை. பதினொரு சிற்றூர்களின் பெயரையும் ஆற்றின் மேலிருந்து கீழாக ஒப்புவித்தேன். ஒன்பதாவதில் தடக்கினேன். வசந்தியின் முகம் கண்ணுக்குள் வந்தது, பெயரும் வந்தது. லூர்து மேசை லாச்சியைத் திறந்தார். கடிதம் அங்கே கையெழுத்தோடு கிடந்தது. திகதியைப் பார்த்தேன். திருநாளுக்கு முதல் நாள்.

"அப்ப ஏன் என்னை இந்தப் பாடு படுத்தினீர்கள்?" என்றேன்.

"வேலை உனக்கு முதலே கிடைத்துவிட்டது. நீர்வீழ்ச்சி எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டாமா?" என்றார்.

வசந்தி அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள். கலியாணத்துக்கு வந்த லூர்து, சாப்பாட்டு மேசையில் வைத்து அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் அரசியலோ காலநிலையோ சமையலோ எதைப் பற்றி அடித்துச் சொன்னாலும், "உது ஆர் சொன்னது, பென்னியோ?" என்ற கேள்வி வரும்.

எங்கள் மகள் ஆறாம் வகுப்பில் படித்தபோது, பெற்றோரின் ஊரைப் பற்றி எழுதச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். நான் கதிரையை இழுத்துப் போட்டு, நான்கு எல்லையும் சொல்லி, கிழக்கே எங்கள் குளம் என்று தொடங்கினேன். அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

"வெயிற் பண்ணுங்கோ அப்பா. சிவம் மாமாவுக்கு கோல் பண்ணிக் கேட்டிட்டு வாறன்."

குசினிக்குள்ளிருந்து வசந்தியின் குரல் வந்தது. "ஒருத்தரையும் கேக்க வேண்டாம் பிள்ளை. குளம் ரெண்டு ஊருக்கும் பொது எண்டு எழுது. நீர்வீழ்ச்சி மட்டும் பலிங்கோவின்ர."