ஏழு மணி நேரக் கல்யாணமும் ஒரே ஒரு டிஸ்க்கும்

அன்பும் மரியாதையும் கலந்து சித்தப்பாவுக்கு எழுதுவது,

இங்கே அம்மா நலம், நான் நலம், அப்பா டிவிக்கு முன்னால் நலம். அங்கே நீங்களும் சித்தியும் பிள்ளைகளும் டிவி இல்லாமலே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் டிஸ்க் தொழிற்சாலையிலிருந்து அனுப்பிய கருத்துப் படிவம் மூன்று வாரத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. "வீட்டு வீடியோ டிஸ்க்குகளுக்கு இப்போது இருப்பதைவிட அதிகக் கொள்ளளவு தேவையா? ஆம் / இல்லை. ஒன்றை மட்டும் டிக் செய்யவும்." ஒரே கேள்வி, இரண்டே கட்டம். இதற்கு மூன்று வாரமா என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். ஆனால் ஊரில் இத்தனை வீடு இருக்க, அந்தக் கேள்வியை எங்கள் வீட்டுக்கு அனுப்பியது உங்கள் தவறு.

அக்கா கல்யாணத்துக்கு உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். அப்பா முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக நிலம் அளந்தவர். ஓர் அங்குலம் விட்டுப்போனாலும் பின்னால் வழக்கு வரும் என்பது அவர் அனுபவம். ஓய்வு பெற்றதும் அளவுச் சங்கிலியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தாரே தவிர, கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. விசேஷத்தை ஆரம்பம் முதல் கடைசிவரை எடுக்க வேண்டும், ஒரு நொடிகூட வெட்டக்கூடாது, எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டும். கல்யாணம் ஓடியது ஏழு மணி பதின்மூன்று நிமிஷம். டிஸ்க் பிடிப்பது இரண்டு மணி நேரம். வீடியோக் கடைக்காரர், "நாலு டிஸ்க்ல போட்டா பளிச்சுனு இருக்கும் சார்" என்றார். அப்பா, "என் பொண்ணை நாலு துண்டாக்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணுமா?" என்று கேட்டார். கடைக்காரர் ஆடிப்போய், தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கி எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் திணித்துக் கொடுத்தார். அதில் மனிதர்களே இல்லை சித்தப்பா, எல்லாம் கட்டங்கள். மாப்பிள்ளை பதினாறு கட்டம், அக்கா ஒன்பது. நடையையும் துணி நிறத்தையும் வைத்துத்தான் ஆளை ஊகிக்க வேண்டும். கல்யாணப் பெண்ணே தன்னை இரண்டு தடவை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

தெளிவாக வந்தது ஒன்றே ஒன்று, மண்டபத்துத் தரை. நடுவில் அப்பா கேமராவை நிறுத்த மறந்து, கழுத்தில் தொங்கவிட்டபடியே நாற்பத்திரண்டு நிமிஷம் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அசையாத படத்துக்கு இடம் குறைவாகப் பிடிக்குமாம், அதனால் அந்தப் பகுதி மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. தரை, நாற்காலிக் கால்கள், போகிற வருகிற செருப்புகள். "அதையாவது எடுத்துத் தொலைங்களேன்" என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அதற்கு அம்மாவின் தம்பியே குறுக்கே விழுந்தார். மாமாவின் புது ஷூ அன்றைக்கு மண்டபத்தில் காணாமல் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாரம் ஒரு முறை வந்து, அந்த நாற்பத்திரண்டு நிமிஷத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்கிறார். "வெட்டிடாதீங்க அத்தான், இன்னும் பதினேழு ஜோடிதான் பாக்கி" என்றார். அப்பாவும், "பார்த்தியா, ஆதாரம்" என்று அம்மாவிடம் வெற்றியோடு சொன்னார்.

இது வரைக்கும் சிரிக்கலாம். இனிமேல்தான் கஷ்டம். டிஸ்க் சரியாக ஏழு மணி நேரத்தில் நிரம்பிவிட்டது. கடைசிப் பதின்மூன்று நிமிஷம் அத்தையின் வாழ்த்துரை. பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அத்தை எங்கள் வீட்டுக்குப் பார்க்க வந்திருந்தாள். ஏழு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தாள். கடைசியில் ஊதா நிறத்தில் ஏழு கட்டம் மைக்கை நோக்கி நடந்தது. "இதோ, நான்" என்று அத்தை நிமிர்ந்தாள். "எல்லாருக்கும் நான் ஒண்ணு சொல்லணும்" என்றது கட்டம். அதோடு டிஸ்க் முடிந்து, காலி மண்டபம் மறுபடியும் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. அத்தை எழுந்தாள். "தரைக்கு நாப்பத்திரண்டு நிமிஷம். கூடப் பொறந்தவளுக்குப் பதின்மூணு இல்லை. நல்லா அளந்தேடா" என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். பதினோரு மாதம் பேச்சே இல்லை. அதற்கு முன்பெல்லாம் காலை ஏழு மணிக்கு அத்தை போன் செய்வாள், இருவரும் ஒன்றுமே இல்லாத விஷயத்தை அரை மணி நேரம் பேசுவார்கள். இப்போது ஏழு மணிக்கு அப்பா போன் பக்கத்தில் நின்றுகொண்டு, சுத்தமாக இருக்கிற லென்ஸையே துடைக்கிறார். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

அந்தப் பதின்மூன்று நிமிஷத்தைத் தனி டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிடலாமே என்று நான் கேட்டேன். அப்பாவோ, "அவளை மட்டும் தனி டிஸ்க்ல போட்டா, தள்ளி வச்ச மாதிரி ஆயிடாதாம்மா?" என்றார்.

இந்த நிலைமையில்தான் உங்கள் படிவம் வந்தது. "பாரு, கம்பெனிக்காரனே கேக்கறான்" என்று அப்பா அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடினார். பத்து மடங்கு பிடிக்கிற டிஸ்க் ஏற்கெனவே வந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். வந்தது டிஸ்க். நம் பிளேயர் அதை உள்ளே வாங்கிக்கொண்டு, கசப்பு மருந்து குடித்த குழந்தை மாதிரி வெளியே துப்பியது. புது பிளேயர் வந்தது. அதன் வயரைச் செருகப் பழைய டிவியில் ஓட்டையே இல்லை. புது டிவி வந்தது. அது அலமாரிக்குள் நுழையவில்லை, அலமாரி கூடத்தைவிட்டு வெளியே போனது, அதிலிருந்த என் புத்தகங்கள் எல்லாம் இப்போது குளியலறைக்குப் போகிற வழியில் இருக்கின்றன. பல் தேய்க்கப் போகும்போதெல்லாம் எதையாவது பிரித்து நின்றுவிடுகிறேன், அம்மா பின்னாலிருந்து விரட்டுகிறாள்.

அத்தையை அழைக்க நானே நேரில் போனேன். "என் பேச்சை மட்டும் போட்டுக் காட்டச் சொல்லு, உடனே கிளம்பிடுவேன்" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள். அப்பாவைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தபடியே உட்கார்ந்தாள். அப்பா முதலிலிருந்து போட்டார். வெட்ட மாட்டார், தாண்டவும் மாட்டார். அத்தையும் வீம்புக்கு எழுந்திருக்கவில்லை. மாமா நோட்டோடு முன்வரிசையில் இருந்தார். படம் அவ்வளவு தெளிவு, ஒவ்வொருவர் கொட்டாவியும் தனித்தனியாகத் தெரிந்தது. தரைப் பகுதி வந்தது. இருபது நிமிஷம் செருப்புகள் போயின, வந்தன. திடீரென்று அத்தை, "டேய்" என்றாள்.

பதினோரு மாதத்தில் முதல் சொல். அப்பா விறைத்துப் போனார்.

"கேமரா உன் கழுத்துல தானே தொங்குது?"

"ஆமா க்கா."

"அப்போ நடுவுல அசையாம நிக்கிற கால் ரெண்டும் யாருது?"

"என்னுது."

"ஷூ யாருது?"

மாமாவின் கையிலிருந்து நோட்டு விழுந்தது. ஊரில் உள்ள அத்தனை கால்களையும் எழுதி வைத்தவர், படத்தின் நடுவில் நின்ற காலை மட்டும் கேமராக்காரர் காலாயிற்றே என்று விட்டுவிட்டிருந்தார். "அதான் அன்னிக்கு அப்படிக் கடிச்சுதா?" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஒரு வழியாக ஏழு மணி நேரம் முடிந்து, அத்தை மைக்குக்கு வந்தாள். இந்தத் தடவை மூக்கும் முழியுமாக. "எல்லாருக்கும் நான் ஒண்ணு சொல்லணும். கேக்குதா?" என்றாள். மைக் வேலை செய்யவில்லை. தட்டினாள், ஊதினாள். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குதா?" பின்னால் யாருமே இல்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள், வெறும் நாற்காலிகள். அத்தை கண்ணாடி போடாததால் அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பதின்மூன்று நிமிஷமும் இது ஒன்றுதான் சித்தப்பா. அவள் "கேக்குதா?" என்பாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல், "கேக்குது க்கா, சொல்லு" என்று பதில் சொல்லும். மறுபடி "கேக்குதா?" மறுபடி "கேக்குது க்கா." கடைசியில் "சரி, நல்லா இருங்க" என்று அத்தை இறங்கிவிட்டாள். பழைய டிஸ்க்கில் இருந்திருந்தால் இந்தக் குரலே எடுபட்டிருக்காது.

அத்தை டிவியைவிட்டுத் திரும்பி அப்பாவை முதல் முறையாகப் பார்த்தாள். "நீ ஒருத்தன்தான் நின்னிருக்கே" என்றாள்.

"நின்னேன். கால்தான் வலிச்சுது."

"இந்தப் பேச்சுக்கா பதினோரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தேன்? முதல்லயே வெட்டி எறிஞ்சிருக்கலாமேடா."

"நான் எப்படிக்கா வெட்டுவேன்" என்றார் அப்பா. அவ்வளவுதான். இருவரும் பழையபடி ஒன்றுமே இல்லாத விஷயத்தை இரண்டு மணி நேரம் பேசினார்கள். மாமா தன் ஷூவை வாங்கிப் போட்டுப் பார்த்து, இப்போது தன்னையும் கடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே, நன்றாக யோசித்து, படிவத்தில் "இல்லை" என்று டிக் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். இருக்கிற டிஸ்க்கே போதும். ஒரு குடும்பத்துக்குத் தேவையானது முழுக்க அதில் அடங்கிவிட்டது. இதற்கு மேல் இடம் கொடுத்தால் மனிதர்கள் தாங்க மாட்டார்கள். தயவுசெய்து இந்தக் கடிதத்தை ஆபீசில் யாருக்கும் வாசித்துக் காட்டாதீர்கள், படிவத்தை மட்டும் கொடுங்கள்.

சித்திக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருந்து, கேமரா வாங்காமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அண்ணியாரின் இளைய மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அத்தை வந்தாள். அன்று மைக் சதி செய்ததால் சொல்லாமல் விட்டதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று கூடத்தில் நின்று பேசினாள். அப்பா எடுத்தார். ஒரு மணி ஐம்பது நிமிஷம். அது அதே கல்யாணத்துக்கான பேச்சு என்பதால் அதே டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும் என்று இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். தரத்தை உச்சத்துக்கு ஏற்றிப் போட்டதில் டிஸ்க்கில் மிச்சம் நான்கு நிமிஷம்தான் என்கிறார் கடைக்காரர். எனவே "இல்லை"யை அடித்துவிட்டு "ஆம்" என்று டிக் செய்திருக்கிறேன், காகிதம் கிழிகிற அளவுக்கு. உங்கள் தொழிற்சாலையில் அடுத்த பெரிய டிஸ்க் எந்த நிலையில் இருந்தாலும் சரி, பாதி வெந்ததாக இருந்தாலும் சரி, ஒன்று உடனே அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை பார்க்க வருவதாக அத்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இந்தத் தடவை முப்பது பேரோடு.