பன்னிரண்டாவது புட்டி

பலமனேர்,
1960 ஆவணி 12

திருத்தணியில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ஏகாம்பரம் அவர்களுக்கு, ரங்கையா நமஸ்காரம் செய்து சொந்தக் கையால் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை பாப்பாத்தியும் திருச்சானூர்த் தாயார் புண்ணியத்தில் நலம். உங்கள் நலமும் வீட்டில் கமலம்மாவின் நலமும் அறிய ஆவல்.

கையெழுத்தை மன்னிக்க வேண்டும். வரிகள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குவதைப் பார்த்து எனக்கு உடம்பு சரியில்லை என்று பயப்பட வேண்டாம். அறுபத்தேழு வயதில் எழுதக் கற்றவன் கை அப்படித்தான் போகும். ஒரு 'ழ' போடுவதற்குள் ஒரு வெற்றிலை மென்று முடிக்கலாம். முதியோர் வகுப்பு வாத்தியாரம்மா தாட்சாயணி, "ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கினே எழுதுங்க, அப்பத்தான் கை மறக்காது" என்று சொல்லியிருக்கிறார். அப்படியே செய்கிறேன். காலையில் தொடங்கினேன், பாப்பாத்தி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.

நான் ஏன் இந்த வயதில் எழுத்துப் படித்தேன் தெரியுமா மச்சான்? இதுவரை உங்களுக்கு வந்ததெல்லாம் சந்தையில் கன்னையா எழுதிக் கொடுத்தது. அவன் ஒரு வரி எழுதினால் அதைச் சந்தைக்கே படித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவான். எல்லை பிரிந்து நீங்கள் மதராஸ் பக்கம், நான் ஆந்திரா பக்கம் என்று ஆனாலும் மதுவிலக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். நிலவறைச் சங்கதியை அவன் வாயில் கொடுக்க முடியுமா?

நாற்பத்தேழில் நம் பங்களா துரை சீமைக்குக் கப்பலேறுமுன் நம் இருவரையும் நிலவறைக்குக் கூப்பிட்டு, தானே காய்ச்சி அடைத்த பன்னிரண்டு புட்டியைக் காட்டிச் சொன்னது நினைவிருக்கும். இது சாதாரண பீர் இல்லை, இரண்டு பங்கு வேகம், பத்து வருஷம் இருட்டில் கிடந்தால்தான் இதற்குப் புத்தி வரும், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து குடியுங்கள் என்றார். ஒருவர் இல்லாமல் ஒருவர் தொடுவதில்லை என்று தாயார் சந்நிதியில் நீங்களும் நானும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோம். நீங்கள் திருத்தணி போய்விட்டீர்கள். நான் காவல்காரனாக இங்கேயே தங்கினேன். பங்களாவை வாங்கிய உருளைக்கிழங்கு மண்டி நாராயணசாமி நிலவறை முழுக்க மூட்டை அடுக்க, நான் புட்டிகளை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கும் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கும் மாற்றி மாற்றி, பதினெட்டுப் படி ஏறி இறங்கி, முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். பத்து வருஷம் முடிந்ததும் வாருங்கள் என்று ஜாடையாக எழுதச் சொன்னேன். நீங்கள் முதலில் புரட்டாசி விரதம் என்றீர்கள், பிறகு கார்த்திகை என்றீர்கள், பிறகு பங்காளி வீட்டுத் தீட்டு, பிறகு எல்லைத் தகராறில் பஸ் ஓடவில்லை. மூன்று வருஷம் போய்விட்டது. நான் செய்தது எப்படியோ காதுக்கு எட்டி உங்களுக்கு என் மேல் கோபம் என்று புரிந்துகொண்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

மச்சான், நான் குடித்துவிட்டேன். ஆசையால் இல்லை. ஊறுகாய் ஜாடியை வருஷக்கணக்கில் திறக்காமல் வைத்தால் பூசணம் பூக்காதா? பார்க்க வேண்டியது காவல்காரன் கடமை இல்லையா? அதனால் இரண்டு பொங்கல் பொறுத்து, மூன்றாவதிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் ஒன்றே ஒன்று திறந்து பார்த்தேன். எழுதத் தெரியாததால், ருசி எதைப் போல இருந்ததோ அதில் ஒரு துண்டைக் கயிற்றில் முடிந்து வைத்தேன். முதல் முடிச்சில் கருகின கருப்பட்டி. அந்த வருஷம் அப்படி இருந்தது. நாலாவதில் புளியங்கொட்டை. ஏழாவதில் சுக்கு, தொண்டை எரிந்தது, சாயங்காலம் வரை தலை சுற்றியது. ஒன்பதாவதில் காபிக்கொட்டை. வயது ஏற ஏற என்ன ஆழம், என்ன மணம்! பதினொன்று முடிச்சு ஆகிவிட்டது. இருப்பது ஒன்றுதான்.

சத்தியத்தை மீறிய பாரம் சுமந்து சலித்துப்போனேன் மச்சான். நாராயணசாமி பங்களாவை விற்றுவிட்டான். வாங்கினவர் புரட்டாசி பிறந்ததும் நிலவறையை மண் போட்டு மூடப்போகிறாராம். திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள். ஆவணி கடைசிப் புதன்கிழமை வாருங்கள். அந்த ஒன்றையாவது சேர்ந்து குடித்துவிட்டால் தாயார் பாதிக் குற்றத்தையாவது தள்ளுபடி செய்வாள். தங்கையிடம் மட்டும் மூச்சு விட வேண்டாம். தெரிந்தால் வீட்டில் சோறு கிடைக்காது.

கமலம்மாவுக்கு என் ஆசி. பேரப்பிள்ளைகள் பதினாறும் பெற்று நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
காவல் தவறிய
ரங்கையா

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். வாய்விட்டுச் சொல்லி எழுதினேன் அல்லவா, பாப்பாத்தி கதவுக்குப் பின்னால் முறமும் கையுமாக உட்கார்ந்து காலையிலிருந்து ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறாள். வந்து சிரித்தாளே ஒரு சிரிப்பு!

"இன்னாயா, ஆழமா இருந்துச்சா? புளியங்கொட்டை கட்டினியே, அது நான் கரைச்சு ஊத்தின புளித்தண்ணி! சுக்குக் கஷாயத்துக்கா சாயங்காலம் வரைக்கும் தள்ளாடிக்கினு இருந்தே?"

துரை கப்பலேறின மாசமே, திருத்தணி போகுமுன், நீங்கள் பதினொன்றையும் முடித்துவிட்டீர்களாம். பன்னிரண்டாவதின் மேல் கை வைக்கும்போது இவள் பிடித்துக்கொண்டாளாம். அண்ணனும் புருஷனும் அடித்துக்கொள்ள வேண்டாம் என்று வீட்டில் இருந்ததை எல்லாம் கரைத்து ஊற்றி, அரக்கு வைத்து மூடிவிட்டாளாம். நீங்கள் மூன்று வருஷமாக வராதது கோபத்தால் இல்லை, வெட்கத்தால் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. என் முதுகிலிருந்து ஒரு கிழங்கு மூட்டை இறங்கின மாதிரி இருக்கிறது.

கடைசிப் புட்டி மட்டும் அசல்தானாம். புதன்கிழமை கட்டாயம் வாருங்கள். மூன்று டம்ளர் வைக்கச் சொல்கிறாள். பதிமூன்று வருஷம் வாயைக் கட்டின கூலியாம்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன், வாயை மூடிக்கொண்டு எழுதக் கற்றுக்கொண்ட பிறகு.